ராணுவ லாரியை வீடு என்று முடிவு செய்த அலுவலகம் பற்றி

அனுப்புநர்
சி. கோதண்டபாணி (வயது 54),
த/பெ. சின்னதுரை,
14, மேட்டுத் தெரு,
திண்டிவனம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ லாரியைச் சொந்த உபயோகத்துக்கான, தங்கிப் பயணிக்கிற கேம்பர் வண்டியாக மாற்றியது – அது வீடு என்று சொல்லிப் பதிவு செய்ய மறுப்பது – எழுபத்தைந்து நாளாக வளாகத்தில் நிறுத்தி வைத்திருப்பது – மீட்டுத் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் மனு என்று நினைத்து மளிகைச் சீட்டைத் தங்கள் கையில் கொடுத்தவன் நான்தான். தாங்கள் ‘கேப்பை மாவு இரண்டு கிலோ’ என்ற வரி வரைக்கும் பொறுமையாகப் படித்துவிட்டு, சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. உண்மையான மனு அந்நேரம் திண்டிவனத்தில் மளிகைக் கடைக்காரரிடம் இருந்தது. அவர் அதை முழுவதும் படித்து என்மேல் இரக்கப்பட்டாராம். என் மனுவை இதுவரை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

2. நான் பத்தாம் வகுப்பை இரண்டாம் முயற்சியில் தேறியவன். இருபத்தாறு வருடம் வெளிமாநில லாரி ஓட்டினேன். இப்போது சொந்தமாக ஒரு டயர் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். மனைவி பெயர் வேணி. ஒரே மகள் அஸ்வினி. அவளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். முடிந்ததும் மாப்பிள்ளை வேலை பார்க்கும் கத்தாருக்குப் போய்விடுவாள்.

3. இரண்டு வருடம் முன்பு, ராணுவத்தார் கழித்துக்கட்டிய லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும். மணலிலும் சேற்றிலும் மாட்டாது. ‘போருக்குப் போறியா?’ என்று தெருவே கேட்டது. அதன் பின்பக்கத்தில் மூன்று படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு எல்லாம் நானே பொருத்தினேன். படம் வரைந்து கொடுத்தது அஸ்வினி. படத்தைத் தலைகீழாகப் பிடித்து வேலை பார்த்ததில் முதல் கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கிற மாதிரி அமைந்தது. உள்ளே மாட்டிக்கொண்டு ஒரு மதியம் முழுக்கக் கத்தியதும் நானே. பிறகு சரி செய்துவிட்டேன்.

4. இனி என் முட்டாள்தனம். வண்டி முடிந்ததும் வேணி, அடுப்பும் படுக்கையும் இருக்கிற இடத்தில் பால் காய்ச்சாமல் படுக்கக் கூடாது என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. அச்சகம் வைத்திருக்கும் விருத்தாசலம் என்பவரிடம் பத்திரிகை அடிக்கச் சொன்னேன். பால் காய்ச்சுவதற்கு அவரிடம் இருந்தது ஒரே மாதிரிப் பத்திரிகைதான். அதன்படி ‘புதுமனை புகுவிழா’ என்றே அடித்துவிட்டார். பிள்ளையார் படம் நன்றாக விழுந்திருந்ததால் நானும் வாசகத்தைக் கவனிக்கவில்லை. முதல் பத்திரிகையை வெற்றிலைப் பாக்கோடு கொண்டுபோய் யாரிடம் கொடுத்தேன் என்றால், என் வண்டிப் பதிவு விண்ணப்பத்தை மேசையில் வைத்திருந்த வாகன ஆய்வாளரிடம்.

5. ஆவணி முகூர்த்தத்தில் முறைப்படி பசுவையும் கன்றையும் பலகை வைத்து ஏற்றினோம். ஏறிய பசு இறங்க மறுத்துவிட்டது. பூ, பழம், அகத்திக்கீரை எதற்கும் மசியவில்லை. கடைசியில் வண்டியை மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை ஏற்றும் மேடைக்கு ஓட்டிப்போய்ப் பின்பக்கம் ஒட்டி நிறுத்தி இறக்கினோம். ஆகவே அந்த வண்டியில் இன்றுவரை பயணம் செய்த குடும்பம் அந்தப் பசுவும் கன்றும் மட்டுமே.

6. செப்டம்பர் 3 அன்று வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோனேன். (அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இந்த மனு விசாரணைக்காக அவர்கள் மேசைக்கே போகும் என்கிறாள் என் மகள்.) ஆய்வாளர் எஞ்சினைப் பார்க்கவில்லை, பிரேக்கைப் பார்க்கவில்லை. கோப்பைத் திறந்து என் பத்திரிகையை எடுத்தார். “இது வண்டி இல்லீங்க, வீடு. நீங்களே பத்திரிகை அடிச்சிக் குடுத்துக்கினு, இப்ப வண்டின்னா எப்பிடி?” என்றார். சொந்த உபயோகக் கேம்பர் என்று ஒரு வகை சட்டத்திலேயே இருப்பதை அஸ்வினி தன் போனில் எடுத்துக் காட்டினாள். “அது சின்ன எழுத்தா இருக்குதும்மா, கண்ணாடி எடுத்தாரல” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். மறுமுறை போனபோது கண்ணாடி இருந்தது, அவர் இல்லை.

7. அது வீடு இல்லை என்று உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். போனேன். அங்கிருந்த எழுத்தர் சொன்ன பதிலை மாற்றாமல் எழுதுகிறேன்: “எங்க ரெகார்டுல இல்லாத வீட்ட, வீடு இல்லன்னு எப்பிடிங்க எழுதித் தர்றது? மொதல்ல வீடுன்னு பதிங்க. அப்பறம் இல்லன்னு எடுத்துடலாம். பேஜாரே இல்ல.” சக்கரம் இருப்பதை வீடாகப் பதிய வழி உண்டா என்று கேட்டேன். “அது வண்டிங்க, அதெல்லாம் இங்க வராது” என்றார். இவ்வளவு தெளிவான ஒரு வரியை எழுதித் தரச் சொன்னதற்குத்தான் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

8. ஆய்வு முடியும்வரை வண்டியை எடுக்கக் கூடாது என்று சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் அந்த அலுவலகத்தின் கூரை ஒழுகியது. சென்ற வாரம் போய்ப் பார்த்தால், என் வண்டிக்குள் மூன்று படுக்கையிலும் பழைய கோப்புகளை அடுக்கியிருக்கிறார்கள். வீடா வண்டியா என்று எழுபத்தைந்து நாளாக முடிவாகாத ஒன்று, கிடங்கு என்று மட்டும் ஒரே மழையில் முடிவாகிவிட்டது. அஸ்வினியின் படுக்கையில் 2009ஆம் வருடத்துக் கோப்புகள் உறங்குகின்றன. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று காவலாளி பாராட்டினார். அந்த அலுவலகத்திலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே தகுதிச் சான்று அது. அதையும் வாயால்தான் கொடுத்தார்.

9. ஐயா, எனக்கு இருப்பது ஒரு மார்கழி. நான் லாரியிலிருந்து போனில் சொல்ல, அஸ்வினி திண்டிவனத்தில் கேட்டே வளர்ந்த ஊர்கள் உண்டு. குஜராத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகக் கிடக்கிற உப்பு நிலம் அதில் ஒன்று. பதினைந்து நாளில் மூவரும் போய்த் திரும்பலாம். தைக்குப் பிறகு வண்டி கிடைத்தால் அதில் ஏற எங்கள் வீட்டில் ஆள் இருக்காது. மறுபடி பசுவைத்தான் கூப்பிட வேண்டும்.

10. எனவே தாங்கள் ஒரே ஒருமுறை அந்த வண்டியை நேரில் பார்க்க வேண்டும். வண்டி என்று தோன்றினால் மார்கழி பிறப்பதற்குள் பதிவு செய்து கொடுக்கச் சொல்லுங்கள். வீடு என்று தோன்றினால் என் வீட்டிலிருந்து அவர்கள் கோப்புகளைக் காலி செய்யச் சொல்லுங்கள். எது செய்தாலும் சாவியை என் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றதை நான் ஓட்டிக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சி. கோதண்டபாணி
(கையொப்பம்)

இடம்: திண்டிவனம்
நாள்: 17.11.2025

இணைப்பு:

அ) பதிவு விண்ணப்பத்தின் நகல்.

ஆ) புதுமனை புகுவிழாப் பத்திரிகை, ஒன்று. (இன்னும் அறுபது மிச்சம் இருக்கின்றன. எந்த அலுவலகத்துக்காவது தேவை என்றால் கொடுத்து அனுப்புகிறேன்.)

இ) என் மகளின் மூன்றாம் வகுப்பு நோட்டில் ஒரு பக்கத்தின் நகல். இதை இணைப்பது அவளுக்குத் தெரியாது. ‘தந்தையின் முகவரி’ என்ற இடத்தில், அப்போது நான் ஓட்டிய லாரியின் நம்பரை எழுதியிருக்கிறாள். டீச்சர் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். “ஊர்ல வீடு இருக்குதுல்ல, அப்பறம் எதுக்குங்க உங்களுக்கு இது?” என்று ஆய்வாளர் கேட்டபோது, இந்தத் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. “சும்மா ஒரு ஆசைங்க” என்று சிரித்துவிட்டு வந்தேன். அந்த முகவரியில் என் மகள் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.