திருச்சிக்குப் போற நேரத்துல லண்டன்

அருமை மச்சான் பாஸ்கரு,

உன் பொண்ணு பவித்ராவை நேத்து ஏர்போர்ட்ல விட்டேன்டா. லண்டன்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. எலுமிச்சம்பழத்து மேல சக்கரத்தை ஏத்தி, என் டாக்ஸியிலதான் கூட்டிட்டுப் போனேன். ‘போயிட்டு வரேன் மாமா’ன்னா. நாம ரெண்டு பேரும் எத்தனை பேரை அங்க இறக்கிவிட்டிருப்போம்! ஒரு நாளாவது அவங்க உள்ள போற வரைக்கும் நின்னு பார்த்திருக்கோமா? நேத்து நின்னேன்.

ராஜகீழ்ப்பாக்கத்துல உன் வூட்டுக்குத் திரும்பி வந்தா, உன் பொண்டாட்டி வாசப்படியிலேயே உட்கார்ந்திருக்கா. ‘எத்தனை மணி நேரம்ணா ஆகும்?’னு கேட்டா. டிக்கெட்ல காலை அஞ்சரைக்குக் கிளம்பி பதினொண்ணுக்கு இறங்கும்னு போட்டிருந்துச்சு. ட்ரிப் ஷீட் எழுதின கையாச்சே, பதினொண்ணுல அஞ்சரையைக் கழிச்சேன். ‘அஞ்சரை மணி நேரம்தான் சாந்தி. நாம திருச்சிக்குப் போற நேரம்’னு பெரிய மேதாவியாட்டம் சொல்லிட்டேன்.

பதினொண்ணு ஆச்சு. போன் வரல. பன்னெண்டு ஆச்சு. பவித்ரா நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ‘கூட்டமா இருக்கும், பெட்டி வரணும்’னு சமாளிச்சேன். ஒரு மணிக்கு மேல எனக்கே தாங்கல. டீக்கடைக்கு ஓடி, டிவியில பிளேன் சேதி ஏதாவது ஓடுதான்னு பார்த்தேன். ஒண்ணும் இல்ல. நிம்மதி வரணும்ல? வரல.

வூட்ல பெட்டி கட்டின கயிறு, கிழிச்ச பேப்பர் எல்லாம் அப்படியே கிடந்துச்சு. ஊருக்குப் போனவங்க போய்ச் சேர்ற வரைக்கும் வூடு பெருக்கக் கூடாதுல்ல? நான் சும்மா குனிஞ்சு ஒரு பேப்பரை எடுத்தேன். ‘தொடாதீங்கண்ணா!’ன்னு கத்தினா பாரு, ஆடிப்போயிட்டேன்.

அப்பதான் சொன்னா மச்சான், நீ போனதுலேர்ந்து யார்கிட்டயும் சொல்லாததை. அன்னிக்கு நீ சவாரிக்குக் கிளம்பி தெருமுனை திரும்பறதுக்குள்ள அவ வூட்டைப் பெருக்கிட்டாளாம். ‘இதோ இருக்கிற பல்லாவரத்துக்கெல்லாம் யாருண்ணா அதைப் பார்ப்பாங்க?’ன்னு தேம்பித் தேம்பி அழுதா. ‘பத்து நிமிசத்துல வூட்ல இருப்பேன்’னு நீ அவளுக்கு போன் வேற பண்ணியிருந்தியே. வர்ற வழியில குரோம்பேட்டைல லாரி வந்து மோதி உன் உசுரு போனதுக்கும் தொடப்பத்துக்கும் இன்னாடா சம்பந்தம்? நீயாவது சொல்லேன். நான் சொன்னா கேட்க மாட்டேங்குறா.

நாலரைக்கு மேல போன் அடிச்சுச்சு. சாந்திக்கு எடுக்கக் கை வரல, நான்தான் எடுத்தேன். ‘மாமா, இப்பதான் இறங்கினேன்!’ வந்த கோவத்துல, ‘பதினொண்ணுன்னுதானே போட்டிருந்துச்சு!’ன்னு கத்திட்டேன். ‘ஐயோ மாமா, அது இந்த ஊர் பதினொண்ணு!’ன்னு சிரிக்கிறா. அங்க நேரம் வேற, இங்க நேரம் வேறன்னு எனக்குத் தெரியாதா? அந்த நேரத்துல தோணல, பேஜாராப் போச்சு. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேலயாம்டா, பதினோரு மணி நேரமாம். அவ நல்லாத் தூங்கிட்டுப் போயிருக்கா. இங்க நாங்க செத்துப் பிழைச்சோம்.

அவ்ளோ தூரம் அவ போய்ச் சேர்ந்துட்டா. பல்லாவரத்துலேர்ந்து உன்னால வர முடியல. உன்மேல எனக்கு இன்னும் கோவம்தான் மச்சான்.

போனை வெச்சதும் சாந்தி கண்ணைத் துடைச்சுக்கிட்டு தொடப்பத்தை எடுத்தா. நானும் அஸ்தினாபுரத்துல இருக்கிற என் வூட்டுக்குப் போலாம்னு வண்டிச் சாவியை எடுத்தேன். அவ என் கையில இருந்த சாவியைப் பார்த்தா. தொடப்பத்தைத் திரும்ப மூலையிலேயே வெச்சிட்டா.

‘அஸ்தினாபுரம் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்கண்ணா. அப்புறம் பெருக்கிக்கிறேன்.’

பண்ணினேன்டா. வண்டியை நிறுத்தினதும் முதல் வேலையா பண்ணினேன். இனிமே எங்க போனாலும் பண்ணுவேன், பாலு வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் சரி. இது உனக்கு நான் குடுக்கிற வாக்கு.

உன் பொண்ணுக்கு மாமன், உன் சாந்திக்கு அண்ணன்,
சேகர்