ஒரு பல், மூன்று விரல்

3 பிப்ரவரி 2025

காலையிலேயே இங்கிலாந்திலிருந்து, லீட்ஸ் வக்கீல் ஆபீஸிலிருந்து, மறுப்பு. "தங்கள் தகுதி எங்கள் நாட்டில் பெற்றதல்ல, வருந்துகிறோம்." வருந்துகிறார்களாம்! ஏழு வருஷமாக ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் தொண்டை கிழியக் கத்துகிறேன். அங்கே வக்கீலாவதற்கான பரீட்சையில் முதல் பாதியும் தேறிவிட்டேன். இன்னும் இவர்களுக்கு நான் வக்கீல் இல்லை. லேப்டாப்பைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. லேப்டாப் என்னுடையது, சுவர் வீட்டுக்காரருடையது என்பதால் விட்டேன்.

மத்தியானம் இசக்கிபாண்டி வந்தான். என் கட்சிக்காரன், எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். வல்லம் வடகாலில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வலது கையில் மூன்று விரல் போனது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. டார்கெட் ஓட வேண்டுமென்று ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகிவிட்டார்கள். அப்புறம் ஒரு கை தகட்டை வைக்கும், ஒரு கை அழுத்தும். இப்போது அவனை வேலைக்கு வைத்த காண்டிராக்டர் ராஜசேகர் சொல்வது: கட்டையை வைத்ததே இசக்கிபாண்டிதான். அது நிரூபணமானால் இழப்பீடு கிடையாது.

"எங்கைய நானே வெட்டிக்கிட்டேங்கானா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டே கேட்டான் பாவி.

11 பிப்ரவரி

பர்மிங்காமிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு! தொழிற்சாலை விபத்து வழக்குகள் மட்டுமே நடத்தும் ஆபீஸ். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

14 பிப்ரவரி

லேப்டாப்பில் இன்டர்வியூ; ஜன்னலைச் சாத்தியும் ஹைவே லாரி சத்தம். ஹெலன் என்ற அம்மாள் கேட்டார்: இங்கே ஏன் வர விரும்புகிறீர்கள்? மனப்பாடம் செய்த பதில் சுத்தமாக மறந்துபோனது. "எங்கள் ஊரில் விரல் போனால் விபத்து என்று எழுதி மூடிவிடுகிறார்கள். உங்கள் ஊரில் என்னவென்று எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். நல்லதா, கெட்டதா?

27 பிப்ரவரி

கிடைச்சிருச்சு! ஜூன் பதினாறு சேர வேண்டும். விசாவுக்கு அவர்களே பொறுப்பு. நான் கொடுக்க வேண்டியது போலீஸ் சான்றிதழும், என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று பார் கவுன்சில் சான்றும்தான். எங்கே இருக்கிறது வழக்கு? மனசுக்குள் தவிர நான் யாரையும் அடித்ததே இல்லை.

சீனியர் புருஷோத்தமன் சாரிடம் மட்டும் சொன்னேன்.

4 மார்ச்

புருவத்துத் தையல் வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் கோர்ட்டுக்கு ஸ்கூட்டியில் போகிறேன். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப், டீக்கடை வாசலில் கூட்டம். நடுவில் இசக்கிபாண்டி தரையில் கிடக்கிறான். ராஜசேகரின் ஆள் சிவசங்கர், இசக்கிபாண்டியின் வெட்டுப்பட்ட கையின் மேல் செருப்புக் காலோடு ஏறி நிற்கிறான். இன்னொருவன் வயிற்றில் உதைக்கிறான். "நாந்தான் கட்டைய சொருவுனேன்னு எழுதிக் குத்துட்டு வூட்டுக்குப் போயேன்டா, இன்னா இப்போ?" சரியாக ஆறாத கை அது. பிளந்துவிட்டது. அவன் போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். சிவசங்கர் வாயில் அடித்தேன். மறுபடி அடித்தேன். அவன் உட்கார்ந்த பிறகும் அடித்தேன். மற்றவன் என் முடியைப் பிடித்து பாய்லர் மேஜையில் மோதினான், புருவம் கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம். விடலியே நான். அவன் கையைக் கடிச்சேன். தோல் வாயோடு வந்துச்சு. அப்புறம்தான் ஓடினார்கள்.

வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது: எனக்குப் பிடித்திருந்தது.

5 மார்ச்

என்ன முட்டாள் நான்!

இந்தப் பக்கத்தில் அடிதடி என்றால் முதல் வேலை ஜி.எச்.சில் போய்ப் படுப்பது. அங்கிருந்துதான் போலீசுக்குத் தகவல் போகும். முதலில் படுத்தவன் புகார்தாரன், பிந்தியவன் குற்றவாளி. கட்சிக்காரர்களுக்கு இதைப் போனிலேயே கத்திக் கத்திச் சொல்கிறவள் நான். நேற்று அந்தக் கையைப் பார்த்ததும் புத்தி போய்விட்டது. பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு இசக்கிபாண்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். எங்களுக்குத் தையல் போட்டு முடிப்பதற்குள் சிவசங்கர் ஜி.எச்.சில் கட்டில் பிடித்து வாக்குமூலமும் கொடுத்துவிட்டான்.

எஃப்.ஐ.ஆரில் முதல் எதிரி, அதாவது முதல் குற்றவாளி, இசக்கிபாண்டி. இரண்டாம் எதிரி நான். ஆயுதம், ஹெல்மெட். சிவசங்கருக்கு முன்பல் ஒன்று போய்விட்டது; பல் விழுந்தால் சட்டப்படி கொடுங்காயம். எங்கள் புகாருக்கு வெறும் ரசீது.

ஒரு பல்லுக்கு எஃப்.ஐ.ஆர். மூன்று விரலுக்கு எந்த ஸ்டேஷனிலும் ஒன்றும் இல்லை. அது விபத்து.

6 மார்ச்

முகம் வீங்கிக் கிடக்கிறது. சான்றிதழ்கள் எப்போது வரும் என்று பர்மிங்காமிலிருந்து மெயில்.

12 மார்ச்

புருஷோத்தமன் சார் கூப்பிட்டார். "இதெல்லாம் சகஜம்மா. ராஜசேகர் எங்கிட்ட பேசிட்டான். கட்டைய நாந்தான் வச்சேன்னு அந்தப் பையன் ஒத்துக்கினா, உம் மேல கீற கேஸை ஹைகோர்ட்ல சமாதானம் சொல்லி ரத்து பண்ணிக்கலாம். நீ ஃபாரின் போம்மா. உனக்கு லைஃப் கீது."

நல்ல மனுஷர். அதுதான் எரிச்சல். யோசிக்கிறேன் சார் என்றேன். அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?

13 மார்ச்

இருங்காட்டுக்கோட்டையில் இசக்கிபாண்டி தங்கியிருக்கிற அறைக்குப் போனேன். வக்கீல் குரலில், ரொம்ப மெதுவாக, இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னேன். முடிவு உன் இஷ்டம் என்றும் சொன்னேன். என்ன நடிப்பு!

"யக்கா, நீங்க போணும்னா போங்க. நான் வேற வக்கீலப் பாத்துக்கிடுதேன். கட்டைய நான் வச்சேன்னு மட்டும் செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"உனக்காக அடிச்சுத்தானல நான் மாட்டிக்கிட்டு நிக்கேன்!"

"நானா அடிக்கச் சொன்னேன்?"

கையை ஓங்கிவிட்டேன். அவன் கட்டுப் போட்ட கையை முகத்துக்குக் குறுக்கே தூக்கிக்கொண்டு சுவரோடு ஒண்டினான். என்னைப் பார்த்து. சிவசங்கரைப் பார்க்கிற மாதிரி.

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழே வந்து ஸ்கூட்டியை எட்டி உதைத்தேன். பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. நல்லா வேணும் எனக்கு. அவன் கேட்டதில் என்ன தப்பு? அவனா அடிக்கச் சொன்னான்?

15 மார்ச்

சமாதானம் வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். "பைத்தியமாடி நீ?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை டி போட்டதில்லை.

பர்மிங்காமுக்கு எல்லாவற்றையும் எழுதி, எஃப்.ஐ.ஆரை மொழிபெயர்த்து அனுப்பினேன். "அடித்தது உண்மை" என்று கடைசியில் ஒரு வரி எழுதினேன். பிறகு அழித்தேன். வக்கீல் புத்தி.

21 மார்ச்

பதில் வந்தது. வழக்கு முடிந்த பின் மீண்டும் விண்ணப்பிக்கலாமாம். எங்கள் கோர்ட்டில் வழக்கு முடிந்த பின்! சிரித்தேன். அப்புறம் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அந்த சிவசங்கருக்கு இன்னும் ரெண்டு பல்லு போயிருக்கணும். எத்தனை வருஷம், எத்தனை மெயில். எல்லாம் போச்சு.

16 ஜூன்

தொழிலாளர் ஆணையர் முன்னால், இழப்பீட்டு வழக்கில் ராஜசேகரைக் குறுக்கு விசாரணை செய்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் செயின், கேட்டதற்கெல்லாம் தெரியாது. கட்டையை அந்தப் பையன் சொந்தமாக வைத்தான், எங்களுக்குத் தெரியாது. நான் குரலை உயர்த்தவே இல்லை. உள்ளே அவன் கழுத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன், வெளியே "சரிங்க, சரிங்க" என்றேன்.

"அப்படியென்றால் மற்ற மிஷின்காரர்கள் இரண்டு பட்டனையும் அழுத்தித்தான் வேலை செய்தார்கள். அப்படியும் இதே டார்கெட் எடுத்தார்களா?"

"அது எப்டிம்மா முடியும்? எல்லா மிஷின்லயும் கட்டை கீது —"

நிறுத்திவிட்டான். ஆணையர் நிமிர்ந்து பார்த்து, "சொன்னதை அப்படியே பதிவு பண்ணுங்க" என்றார். பின் பெஞ்சில் சிவசங்கர் உட்கார்ந்திருந்தான். முன்பல் இடம் இன்னும் காலி. ராஜசேகர் அதைக்கூடக் கட்டிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. நான் திரும்பியதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

வாசலில் இசக்கிபாண்டி, "சரியான கேள்விக்கா" என்றான். அவ்வளவுதான். நான் கையை உயர்த்திக் கூந்தலைச் சரிசெய்தபோது அரையடி பின்னால் நகர்ந்தான். அவனுக்கே தெரிந்திருக்காது.

மேலே தேதி எழுதியபோதுதான் உறைத்தது. இன்றுதான் பர்மிங்காமில் சேர வேண்டிய நாள்.

அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூரில் என் வாய்தா. கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டாம் எதிரியாக நிற்க வேண்டும். பழைய ஹெல்மெட் அங்கேதான் பொருட்சான்றாக இருக்கிறது. வரும் வழியில் புதிது வாங்கினேன். லேடீஸுக்கு லேசா இருக்கும் என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதையே எடுத்துக்கொண்டேன்.