நற்பிட்டிமுனைக்குப் போன பிரிட்ஜ்

14.07.1998, செவ்வாய்

பெரிய சாமான்களை நாங்கள் கடையில் வைப்பதில்லை. நான் கொம்பியூட்டரில் ஓடர் போட்டால், கொழும்புக் கொம்பனியின் லொறி நேரே வாங்கியவர் வீட்டில் இறக்கிவிடும்.

போன வாரம் பாறூக் மாஸ்டர் பிரிட்ஜ் எடுத்தார். பெயரை அடித்ததும் விலாசம் தானாக வந்து விழுந்தது. வாசித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். அது முன்பு அவர் ஃபேன் எடுத்தபோது பதிந்தது. நற்பிட்டிமுனையில் அவருடைய உம்மா வீடு. கல்யாணம் முடித்து இப்போது சாய்ந்தமருதில் மனைவி வீட்டில் இருக்கிறார். இங்கே எந்த ஆண்பிள்ளைதான் கல்யாணத்துக்குப் பிறகும் உம்மா வீட்டில் இருக்கிறான்? கொம்பியூட்டர் சனியனுக்கு அது தெரியாது. எனக்குமா தெரியாது?

நேற்று லொறி அங்கேயே இறக்கிவிட்டது. இன்று காலை மாஸ்டர் கடைக்கு வந்தார்.

"பிழையா அனுப்பினது நீங்க. நீங்களே போய் எடுத்துத் தாங்க. என்ட பொஞ்சாதி பாத்துக்கிட்டு இருக்கா."

பின்னேரம் அந்த உம்மா வீட்டுக்குப் போனேன். பிரிட்ஜுக்கு மேல் பூப்போட்ட துணி விரித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐஸ் வாங்க வந்திருந்தார்கள். கடையிலிருந்து வருகிறேன் என்றதும் உம்மா எனக்குக் குளிர்ந்த சர்பத் தந்தார்.

"கலியாணம் முடிச்சா புள்ள மறந்திருவான் எண்டாங்க, மகன். பாத்தீங்களா, சொல்லாமக் கொள்ளாம அனுப்பியிருக்கான்."

நான் சர்பத்தைக் குடித்தேன்.

"நல்லாக் குளிருது எண்டு அவனிட்டச் சொல்லுங்க."

ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு மாஸ்டர் வருவார். அதைத்தான் சொல்ல வேண்டும்.