காலுக்கு வெளியே இரும்பு

செர்டாங், கெடா
ஆகஸ்ட் 1981

அன்பும் மரியாதையும் உள்ள பெரியண்ணனுக்கு,

தங்கை கேதரின் எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நீங்களும் அண்ணியும் மகள் ஜோசபினும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உங்கள் கடிதம் வந்தது. ஜோசபினுக்கு வரன் அமைந்த செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அதற்கு அடுத்த பாராவைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

மாப்பிள்ளை வீட்டார் பட்டர்வொர்த்திலிருந்து நம் வீட்டைப் பார்க்க வரும்போது, தம்பி மோரிசைப் பக்கத்து அம்மாசி அண்ணன் வீட்டுப் பின்னறையில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காலில் கம்பியும் புண்ணுமாகப் பார்த்தால் அவர்களுக்கு அருவருப்பாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அண்ணே, அருவருப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படிக்காதீர்கள்.

செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் பாடாங் மேஹா தோட்டத்து மேட்டில் புரண்டு, அவன் கால் டிரெய்லருக்கு அடியில் மாட்டியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. நீங்கள் பஸ் பிடித்து வருவதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் மண்ணையும் நைந்த சதையையும் கழுவி வெட்டி எடுத்திருந்தார்கள். டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்து, தாளில் படம் வரைந்து காட்டினார். திறந்த புண்ணுக்குள் தகடும் ஸ்குருவும் வைத்தால் கிருமி அந்த இரும்பில் ஒட்டிக்கொள்ளும் என்றார். முறிவுக்கு மேலேயும் கீழேயும் எலும்பில் கம்பிகளை இறக்கி, அவற்றைக் காலுக்கு வெளியே ஒரு தண்டில் பூட்டினால் எலும்பு அசையாது, புண்ணையும் கழுவிக்கொண்டே இருக்கலாம் என்றார். நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். "என் தம்பி என்ன சாத்தேக் கறியா, கம்பியில குத்துறதுக்கு?" என்று வார்டே கேட்கும்படி கத்தினீர்கள். சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று கையெழுத்தும் போட்டீர்கள். உங்கள் பேச்சுக்கு மோரிஸ் எப்போது எதிர்ப்பேச்சு பேசியிருக்கிறான்?

கூலிமுக்கு அப்பால் எலும்பு கட்டுகிறவர் என்று ஒருவரிடம் நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். அவர் பச்சிலையை அரைத்து, பச்சை முட்டையோடு குழைத்துப் புண்ணின் மேலேயே அப்பினார். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கினார். பிரிக்கவே கூடாது என்றார். நீங்கள் அன்றைக்கே சிங்கப்பூர் பஸ் ஏறினீர்கள். காலை ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் காப்பாற்றினார்கள் என்று மட்டும்தான் பிறகு உங்களுக்கு எழுதினேன். நடுவில் நடந்ததை அப்போது எழுதியிருந்தால் மரியாதை கெட்டுப்போயிருக்கும்.

முதலில் பச்சிலை வாசம் என்றுதான் நினைத்தேன். பிறகு கூமுட்டை வாடை வந்தது. அப்புறம் வீட்டுக்குள் எங்கேயோ எலி செத்துக் கிடக்கிற மாதிரி ஒரு நாற்றம். அலமாரியை நகர்த்தித் தேடினேன். ஜுரத்தில் கிடந்தவன் கண்ணைத் திறந்து, "தேடாதக்கா, நான்தான்" என்றான்.

கட்டை நானே கத்தரித்தேன். மூங்கிலோடு தோலும் பிய்ந்து வந்தது. பச்சிலைக்கு அடியில் வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. பின்வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அவனைப் பார்க்க வந்த எதிர்வீட்டு புஷ்பவள்ளி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மைலோ பவுடர் டின்னைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அவன் உயிரோடு இருக்கும்போதே தண்ணீர்க் குழாயடியில் ஆள் போச்சு என்று பேசிக்கொண்டார்கள். லோரி ஓட்டுகிற பரஞ்சோதி அண்ணன் ஒருவர்தான் கிட்டே வந்தார். பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். வழியெல்லாம் அவர் லோரியில் ஈ மொய்த்தது.

அதே டாக்டர்தான் பார்த்தார். மாட்டுக்குக்கூட இப்படிக் கட்டமாட்டார்கள் என்று மலாயில் கத்தினார். உங்களுக்குச் சேரவேண்டிய ஏச்சு. நான் வாங்கிக்கொண்டேன்.

காலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஆண்டவர் கிருபை, எடுக்கவில்லை. அழுகின சதையை, நல்ல ரத்தம் கசிகிற இடம் வரைக்கும் வெட்டினார்களாம். எலும்பிலும் ஒரு துண்டு செத்துச் சாம்பல் நிறமாகிவிட்டதாம், அதையும் எடுத்துவிட்டார்கள். பிறகு நீங்கள் வேண்டாம் என்றதைத்தான் செய்தார்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு கம்பி, வெளியே தண்டு. புண் சிவந்து சுத்தமானதும் இடுப்பெலும்பிலிருந்து துணுக்குத் துணுக்காகச் சுரண்டி எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள். அது பிடித்து, மேலே சதை மூடின பிறகு, தொடையில் தோல் சீவி ஒட்டினார்கள். புது எலும்பு வளர்வது எக்ஸ்ரேயில் தெரிகிறதாம். நடப்பான் என்கிறார்கள். ஆனால் கால் குட்டைதான். முதலிலேயே விட்டிருந்தால் இவ்வளவு வெட்டியிருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதை உங்களுக்கு எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

இப்போது ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்ததும் எனக்கு முதல் வேலை அவன் கால்தான். கம்பி தோலுக்குள் நுழைகிற இடத்தில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டும். கொதித்து ஆறின உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து அதைச் சுற்றித் துடைக்கிறேன். சில நாள் சீழ் வரும். அந்த வாடை எனக்குப் பழகிவிட்டது. உங்கள் கடிதத்தின் அந்தப் பாரா பழகவில்லை.

அவன் அதைக் கேட்டு வாங்கிப் படித்தான். "அண்ணன் சொல்றது சரிதானக்கா. பொண்ணு காரியம்லா. நான் அம்மாசி அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன். கம்பிமேல கைலியப் போட்டு மூடிட்டா அங்கயும் யாருக்கும் தெரியாது" என்றான். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இவ்வளவுக்குப் பிறகும் உங்களை ஒரு சொல் குறை சொல்லாத அவன் மீதும் எனக்கு எரிச்சல் வந்தது.

அம்மாசி அண்ணனிடம் போய், அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மோரிஸ் முன்னறையில்தான் இருப்பான். காற்று அங்கேதான் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் அவன் கட்டிலைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். காலை மூடமாட்டேன். கேட்டால் நடந்ததைச் சொல்வேன். யார் கையெழுத்துப் போட்டது என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன் அண்ணே. அவர்கள் வருவதற்கு முந்தின நாளே நீங்கள் தனியாக வாருங்கள். தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றித் தருகிறேன், பஞ்சும் தருகிறேன். ஒரு தடவை நீங்கள் துடைத்துவிடுங்கள். உங்கள் கை பட்டால் அவன் அழுவான். பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. ஜோசபினுக்கு என் முத்தம். அவளுக்கு வாய்க்கிறவன், வீட்டில் ஒருவர் உடம்பு அழுகிக் கிடந்தாலும் மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் உட்காருகிறவனாக இருக்க ஆண்டவர் அருள்வாராக.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
தங்கை கேதரின்