பதினேழும் பத்தொன்பதும்

மார்ச் 4, செவ்வாய்

குட்டிக்கு மேல்பல் எட்டிப் பார்க்கிறது. காப்பகத்தில் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்து வைத்திருக்கிறாள். "உங்க பொண்ணும் ஆராய்ச்சியில இறங்கிட்டா" என்றாள் ஆயா. சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

சிரிப்பு வாசலோடு சரி. கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் சவ்வு, மூன்று வருட உழைப்பு, வயிற்றில் குட்டியோடு நான் நின்றுகொண்டே செய்த ஏழு மாத வேலையும் அதில் அடக்கம். அது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் காப்புரிமை விண்ணப்பத்தில் இருக்கிறது. அதே கலவை. அதே சூடு. அதே நாற்பது நிமிடம். துறைத்தலைவர் தாள்களை மேசையில் போட்டு, "வெளியாள் இல்ல. நம்ம வீட்டுக்குள்ளயே யாரோ" என்றார்.

எல்லார் கண்ணும் குடைக்காரி பக்கம் திரும்பியது. அந்தக் கம்பெனியின் நாட்டிலிருந்து வந்த ஆய்வு மாணவி எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவள் ஒருத்திதான். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வரமாட்டாள் என்று அந்தப் பெயரை வைத்ததே நான்.

என் கண்ணும்தான் திரும்பியது. எழுதி வைக்கிறேன், பின்னால் மறுக்காமல் இருக்க.

மார்ச் 6, வியாழன்

இன்று கூட்டம் இல்லை. ஐந்து வருடமாக வியாழன் மூன்று மணிக்குக் கதவைத் திறந்து வைத்து, அந்த வாரத்துக் கணக்கைப் பலகையில் எழுதுவோம். எந்தத் துறைக்காரரும் வந்து உட்காரலாம், கேட்கலாம். ஒருமுறை குழாய் சரிசெய்ய வந்தவர் கேட்ட கேள்விக்கு அரைமணி நேரம் பதில் தேடினோம்.

"திறந்த மடம் மாதிரி வச்சிருந்தா திருட்டுதான் போகும்" என்று தலைவர் முடித்துவிட்டார். விசாரணைக் குழுவுக்கும் அவரே தலைவர்.

கதவுக்கு அட்டைப் பூட்டு வந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர் மூவரின் அட்டைக்கு மட்டும் அது திறக்காது. குடைக்காரி வெளியே நின்று, "அக்கா, என் கப் உள்ளே" என்றாள். அவளுக்கு நம் மொழியில் தெரிந்தது இருபது சொல் இருக்கும், மீதியெல்லாம் ஆங்கிலம். முதல் சொல் அக்கா.

உள்ளே போனேன். அளவுக் கருவியின் நெற்றியில் கடவுச்சொல் எழுதிய துண்டுச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. ஆறு வருடமாக இருபது பேருக்கும் அது ஒன்றே. கதவுக்குப் பூட்டுப் போட்ட புத்திசாலிகள் யாருக்கும் அதைக் கிழிக்கத் தோன்றவில்லை!

கிழித்தேன். கோபத்தில் கப்பை மறந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

விசாரணை. பல்கலைக்கழகத்தின் புதிய பாதுகாப்பு அதிகாரி கேட்டார், தலைவர் பக்கத்தில் இருந்தார்.

"அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு வருமா?"

"வரும்."

"எதுக்கு?"

"என் குழந்தையப் பாக்க."

"வீட்டுல கம்ப்யூட்டர் எங்க இருக்கும்?"

"குழந்தை கைக்கு எட்டாத இடத்துல."

அதிகாரி சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்த தாளை என் பக்கம் தள்ளினார். அந்த மாணவி அனுமதியில்லாமல் கோப்புகளை நகலெடுத்ததை நான் நேரில் கண்டதாக எழுதியிருந்தது.

"நான் பாக்கலயே சார்."

"நல்லா யோசிச்சா ஞாபகம் வரும்மா. அடுத்த திங்கள் வரைக்கும் டைம் எடுத்துக்கோ. உன் வேலை உத்தரவு முப்பத்தொண்ணோட முடியுதில்ல? கைக்குழந்தைக்காரி, உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

என் குழந்தையை எடுத்து எனக்கே கத்தியாகக் காட்டுகிறார். பேறுகால விடுப்புக்கு எனக்காக மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான். அதனால்தான் வாய் வரவில்லையா? தாளை மடித்துப் பையில் போட்டேன். குட்டியின் மாற்று உடுப்புக்கு அடியில் கிடக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

கையெழுத்துப் போட்டால்தான் என்ன? இந்தக் கேள்வி என் மனதில் வந்ததே, அதற்கே என்னை நாலு அறை அறையலாம்.

மார்ச் 13, வியாழன்

குடைக்காரி நடைவழியில் தரையில் உட்கார்ந்து, மடியில் கணினி வைத்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். குடை சுவரில் சாய்ந்திருந்தது. போகிறவர்கள் அவள் காலை மிதிக்காமல் தாண்டினார்கள், அவ்வளவு மரியாதை.

"அக்கா, நீங்களும் நினைக்கிறீங்களா?"

"இல்ல" என்றேன். அரை நொடி தாமதமாகச் சொன்னேன். அவள் அதைக் கவனித்தாள். தலையை ஆட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த அரை நொடி. சீ.

திருட்டு நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கிறது. என் மூன்று வருடத்தை எவனோ அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். ஆள் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். ஆனால் தேடுவது இப்படியா? கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்தா?

மார்ச் 15, சனி

குட்டி எழுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மதியம் குட்டி மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த விண்ணப்பத்தை இன்றைக்குத்தான் கடைசிப் பக்கம் வரை படித்தேன். இதுவரை கலவைப் பகுதியைப் படிப்பேன், ஆத்திரம் வரும், மூடி வைப்பேன். இன்று அட்டவணைகளுக்கு வந்தேன். நான்காவது அட்டவணை. இருபத்திரண்டு சவ்வு, ஒவ்வொன்றும் எவ்வளவு உப்பைத் தடுத்தது என்ற எண்கள். பதினேழுக்கு எதிரே பத்தொன்பதின் எண். பத்தொன்பதுக்கு எதிரே பதினேழின் எண்.

அது என் தப்பு. என்னுடைய சொந்தத் தப்பு!

போன வருடம் ஒரு புதன்கிழமை மாலை. மறுநாள் விடியலில் பயணம், அட்டவணை உடனே வேண்டும் என்றார் தலைவர். குட்டிக்கு அப்போது மூன்று மாதம், விடுப்பு முடிந்து வந்த புதிது, தூக்கமில்லாத கண். இரண்டு வரியை மாற்றி எழுதி, அவருக்கு மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாள் வியாழன் கூட்டத்தில் பலகையில் எழுதியதும் குடைக்காரி கை தூக்கினாள். "அக்கா, பதினேழும் பத்தொன்பதும் மாறியிருக்கு." எல்லார் முன்னாலும் என் முகம் சிவந்தது. அங்கேயே திருத்தினேன். எல்லாரும் பார்க்கும் பொதுக் கோப்பில் ஏறியது திருத்திய அட்டவணைதான். தலைவருக்கு? ஊர் திரும்பியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். வெட்கம். சொல்லவே இல்லை.

ஆக, பலகையில் அங்கேயே அழித்ததை விட்டால், தப்பான அட்டவணை உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருந்தது. என் கணினியில். அவர் மின்னஞ்சலில்.

திருடப்பட்டது அந்தத் தப்பான அட்டவணை. தப்பைக் கண்டுபிடித்தவளையே திருடி என்கிறார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனுஷர், எதையும் அங்கே கொண்டுபோய்த்தான் நிறுத்துவார். "லிஃப்ட் நடுவுல நின்னுட்டா, கடைசியா பட்டன் அழுத்துனவனத்தான் எல்லாரும் திட்டுவாங்க. கயிறப் பாத்து கையெழுத்துப் போட்டது யாருன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான்." பிறகு, "ஆனா, ஒண்ணு அவரு, இல்லன்னா நீ. இத நீயே போய் சொல்லப் போறியா?" என்றார்.

நாத்தனார் குட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "பெரிய மனுஷங்க விவகாரத்துல நீ எதுக்குத் தலையக் குடுக்கற? கையெழுத்தப் போட்டமா, பிள்ளையப் பாத்தமான்னு இரு" என்றார்.

"அண்ணி, உங்க தம்பிய யாராவது திருடன்னு எழுதிக் குடுத்தா என்ன செய்வீங்க?"

"குடுத்தவ கைய ஒடைப்பேன்."

"அதான்."

அவர் அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தார். குட்டி அவர் விரலைக் கடித்தாள்.

மார்ச் 17, திங்கள்

தலைவர் அறைக்குப் போகவில்லை. நேரே பாதுகாப்பு அதிகாரியிடம் போனேன். கையெழுத்தில்லாத தாள், என் கணினி, பழைய அட்டவணை, திருத்திய அட்டவணை, நாலையும் மேசைமேல் வைத்தேன். சொல்லி முடிக்க இருபது நிமிடம். பதினேழையும் பத்தொன்பதையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப உங்க மேலயும் சந்தேகம் வருதேம்மா."

"வரட்டும் சார். என்னைத் தோண்டுங்க, வேண்டியமட்டும் தோண்டுங்க. அதே மாதிரி அவரையும் தோண்டுங்க. அந்தப் பொண்ண மட்டும் விட்டுடுங்க."

"அவர் விசாரணைக் குழுத் தலைவர்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன்!"

சத்தம் போட்டுவிட்டேன். வெளியே இருந்த எழுத்தர் எட்டிப் பார்த்தார். அதிகாரி கோபப்படவில்லை. கணினிக்கு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, "ஒரு வாரம் யார்கிட்டயும் பேசாதீங்க" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

போய்விட்டாள்.

வெள்ளி மாலையே அவள் இந்த நாட்டில் தங்கும் அனுமதியை ரத்து செய்திருக்கிறார்கள். ஞாயிறு விமானம். நான் சோற்றுப் பருக்கையைத் துடைத்துக்கொண்டு அண்ணியோடு வாயாடிய நேரத்தில் அவள் வானத்தில். திங்கள் வரை எனக்கு டைம் கொடுத்தாரே, எதுக்குய்யா கொடுத்தே? தீர்ப்ப எழுதிட்டுத்தான் சாட்சி தேடினியா?

ஆய்வேட்டில் இன்னும் ஒரு அத்தியாயம்தான் பாக்கி அவளுக்கு. நான் சனிக்கிழமையே கிளம்பியிருக்கலாம். இல்லை, அந்த விண்ணப்பத்தை முதல் நாளே முழுசாகப் படித்திருக்கலாம்.

கப்பை எடுத்துவந்தேன். அடியில் காபி காய்ந்து ஒட்டியிருக்கிறது. கழுவ மனமில்லை.

ஏப்ரல் 9, புதன்

விசாரணை முடிவு வந்து இரண்டு வாரமாகிறது. அந்தக் கம்பெனியின் ஆய்வு மையத்தில் தலைவருக்கு நாலு வருடமாகக் கோடைக்காலப் பதவி. ஒரு படிவத்திலும் காட்டவில்லை. என் அட்டவணையைப் பயணத்தின் மூன்றாம் நாள் அனுப்பியிருக்கிறார். "கருத்துப் பரிமாற்றம்" என்றாராம். வியாழன் கூட்டத்தை மூடியவர் வாயிலிருந்து!

உடல்நலக் காரணத்தால் நீண்ட விடுப்பு என்று அறிவிப்புப் பலகை சொல்கிறது. எனக்கு ஆறு மாத நீட்டிப்பு.

குடைக்காரிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பச் சொல்லிப் பதிவாளரிடம் போய் நின்றேன். "மன்னிப்புக் கேட்டா நாம தப்பு பண்ணோம்னு ஆயிடும்மா" என்றார்.

"பண்ணினோமே சார்."

"அது வேற. ஆனா நாட்டுக்குள்ள திரும்பி வர அனுமதிக் கடிதம் தர்றோம். வந்தா வரட்டும்."

புதிய விதிகளை எழுதும் வேலையை என் தலையிலேயே கட்டினார்கள். எழுதினேன். ஆளுக்கொரு கடவுச்சொல். வெளிப் பதவி எதுவானாலும் எழுதிக் கொடுக்க வேண்டும், துறைத்தலைவரானாலும். காப்புரிமை கேட்கும்வரை கலவைக் குறிப்புகள் பூட்டில். எந்த நாட்டுக்காரருக்கும் ஒரே அட்டை. கலவையைச் சொல்லாமல் எண்களை மட்டும் வைத்து, வியாழன் கூட்டம் திறந்த கதவோடு.

கடைசி விதியை அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதி அனுப்பினேன். மூன்று தடவை ஆயிற்று. பாதுகாப்பு அதிகாரி ஓரத்தில் கையெழுத்துப் போட்டதும்தான் அந்த விதி நிலைத்தது.

ஜூன் 12, வியாழன்

கூட்டத்துக்கு ஒன்பது பேர். கதவைத் திறந்து வைத்தோம். பாதுகாப்பு அதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்து, புரியாத இடத்திலெல்லாம் கை தூக்கினார். நிறையத் தூக்கினார்.

போன வாரம் எங்கள் கட்டுரை வெளியாயிற்று. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவள் பெயரும் அதில் உண்டு. வேண்டாம் என்றார்கள், எடுக்க மாட்டேன் என்றேன். அவளுக்கு அதை அனுப்பி, அனுமதிக் கடிதத்தைப் பற்றியும், அந்த அரை நொடியைப் பற்றியும் எழுதியிருந்தேன்.

இன்று மாலை பதில். மூன்றே வரி. திரும்பி வரவில்லை. வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள். இரண்டாம் அட்டவணையில் ஒன்பதாவது வரியை இன்னொருமுறை பார்க்கவும்.

மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினேன். அக்கா என்ற சொல் எங்கேயும் இல்லை.

ஒன்பதாவது வரியைப் பார்த்தேன். தப்புதான்.