அப்பா வீட்டில் பதினான்கு டிகிரி

காயானி,
ஜனவரி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சைலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, மனசுதான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பையனும் அங்கே பிரிஸ்பேனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், வில்யோவுக்குக் காதுவலி விட்டதா, அந்த வெயிலில் களிம்பு பூசாமல் அவனைக் கடற்கரைக்கு விடாதே, நம் பக்கத்துத் தோல் அதைத் தாங்காது. இங்கே ஒரு வாரமாக மைனஸ் இருபத்தாறு. ஏரி இறுகிவிட்டது, கார்கள் காலையில் முனகிக்கொண்டுதான் கிளம்புகின்றன. தபாலில் போட்டால் உனக்குக் கிடைப்பதற்குள் இங்கே பனி உருகிவிடும் என்பதால் கணினியில் அடித்து அனுப்புகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மூக்குக் கண்ணாடியைத் திட்டு, என்னைத் திட்டாதே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ நடுவில் சிரித்துவிடுவாய், இது சிரிக்கிற விஷயம் இல்லை.

விஷயம் உங்கப்பாவைப் பற்றியது. போன வருஷம் நம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் வெப்பப் பம்பு போட முடிவானது உனக்குத் தெரியும். முற்றத்தில் பாறையைத் துளைத்து ஆழக் கிணறுகள் இறக்கி, அடியில் இருக்கிற கொஞ்சச் சூட்டை எடுத்து, நிலவறையில் இருக்கும் பம்பு அதைப் பெருக்கி எல்லா வீட்டிலும் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ஊர்க் கொதிகலன் நிலையத்திலிருந்து குழாய்வழி வந்துகொண்டிருந்த வெந்நீரை வெட்டிவிட்டோம். தலைவி என்ற முறையில் கையெழுத்துப் போட்டது நான். எதிர்த்துக் கை தூக்கியது ஒரே ஆள், உங்கப்பா. ஆயுசு முழுக்க அந்தக் கொதிகலன் நிலையத்தில் வேலை பார்த்தவர் வேறு என்ன செய்வார். கூட்டம் முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டே என்னிடம், "டெர்ட்டு, இந்த ஊருக்கே நான் சூடு குடுத்தவன். ஒரு பேனாவால அத அறுத்துட்டே. உன் மிஷின்கிட்டேர்ந்து ஒரு டிகிரி கூட எனக்கு வேண்டாம்" என்றார். கோபத்தில் சொல்கிறார், குளிர் வந்தால் மறந்துவிடுவார் என்று நானும் விட்டுவிட்டேன். வெந்நீரும் பம்பு கொடுப்பதுதானே என்று குடியிருப்பின் சவுனாவில் வெள்ளிக்கிழமை நீராவிக் குளியல் முறைக்குக்கூட வராமல் ஊர் நீச்சல் குளத்துச் சவுனாவுக்கு அவர் போக ஆரம்பித்தபோதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டு நடையிலும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள், அந்த வீட்டின் சூடு எவ்வளவு என்பது என் கணினியில் தெரியும். எல்லா வீடும் இருபத்தொன்று, இருபத்திரண்டு. உங்கப்பா வீடு மட்டும் பதினெட்டு, பதினாறு என்று இறங்கிக்கொண்டே வந்து பதினான்கில் நின்றது. போன வருஷம் நிமோனியா வந்து கிடந்த நெஞ்சு அது. சன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே விழுந்து கிடக்கிறாரோ என்றுகூட நினைத்தேன், பிறகு முற்றத்தில் அவர் பனி தள்ளுவதைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. ஆனால் போய் மணி அடிக்க எனக்கு என்ன உரிமை, சொல்லு. விவாகரத்தாகி ஒரே கட்டடத்தில் நான் ஏ வாசலிலும் அவர் சி வாசலிலும் குடியேறிய பிறகு ஒருவர் கதவை ஒருவர் தட்டியதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டு மணியை அடிப்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாதா. போதாததற்கு, உங்கள் வீட்டுச் சூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது.

இதற்கு நடுவில் அவருக்குக் கீழ்வீட்டு ஹெல்லெவி வந்தாள். இடுப்பெலும்பு மாற்றி இன்னும் ஊன்றுகோலோடு நடக்கிறாள், பாவம். "ரேடியேட்டர் ஓயாம ஓடுது, இருந்தும் கூரையிலேர்ந்து குளிர் எறங்குது. உன் பம்பு சரியில்ல டெர்ட்டு" என்றாள். பம்பு சரியாகத்தான் இருந்தது. எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது, ஏலக்காய் பன் சுட்டு ஒரு துணியில் சுற்றிக்கொண்டு சி வாசலுக்குப் போய்விட்டேன்.

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது சைலா. வீட்டுக்குள் கம்பளித் தொப்பி, மீன் பிடிக்கப் போகும் தடித்த கோட்டு, மூக்கு சிவந்திருக்கிறது, இருமல். எல்லா ரேடியேட்டர் குமிழையும் இறுக்கி மூடி வைத்திருக்கிறார். "என்ன, இழவு வீடு பாக்க வந்தியா? சாகற மாதிரி இருந்தா நானே சொல்லி அனுப்புறேன், போ" என்றார். கெஞ்சினேன், திட்டினேன், உன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பன்னை வாங்கி மேஜையில் வைத்தார், உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் நான் கேட்டேன், "வெளியே மைனஸ் இருபத்தாறு. நீங்க எல்லாத்தையும் மூடியிருக்கீங்க. அப்போ இந்தப் பதினாலு டிகிரி எங்கேர்ந்து வருது? சூட்டு வேலை பாத்தவருக்கு நான் சொல்லணுமா? கீழே ஹெல்லெவி ரெண்டு சாக்ஸ் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ வீட்டுச் சூட்டத்தான் தரைவழியா இழுத்துக்கிட்டு இருக்கீங்க."

பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி காபித்தூள் வாங்கினால் மறுநாள் ஒரு பொட்டலமாகத் திருப்பிக் கொடுக்கிற மனுஷன் அவர். முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான், எனக்கு ஏன்தான் சொன்னோம் என்று ஆகிவிட்டது. நேராகப் போய்ச் சன்னலடிக் குமிழைத் திருகித் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து அதன்மேல் கையை வைத்துப் பார்த்து, "வெதுவெதுன்னு இருக்கு, கன்னுக்குட்டி மூக்கு மாதிரி. இதுக்குப் பேரு சூடா?" என்றார். இவர் காலத்து ரேடியேட்டர் கையைச் சுடும், இது சுடாது, ஆனால் வீடு சூடாகிவிடும். அதை விளக்கிச் சொல்லிக்கொண்டு நிற்க நான் முட்டாளா.

கிளம்பும்போதுதான் ஒரு நிபந்தனை போட்டார். "தொறந்து வெக்கிறேன். ஆனா என் வீட்ட நீ பாக்கக் கூடாது. பிரிஞ்சப்புறமும் ஒருத்தி கண்ணுக்குக் கீழேயே வாழ முடியாது" என்றார். நியாயம்தானே, என்னால் மறுக்க முடியவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாளே பராமரிப்புக்காரப் பையனிடம் சொல்லி அவர் வீட்டுச் சூட்டு அளவை என் கணினியிலிருந்து எடுக்கச் செய்தேன். இப்போது அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறேன். திறந்தே வைத்திருக்கிறாரா, நான் படி இறங்கியதும் மூடிவிட்டாரா, தெரியவில்லை. ஹெல்லெவியிடம் விசாரித்தால் அதுவும் எட்டிப் பார்ப்பதுதானே. சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது. அவர் எனக்கு இனி யாருமில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது, இந்தப் பயம் மட்டும் அதைக் கேட்பதாக இல்லை.

அதனால் நீ அவரை இன்றைக்கே முகம் தெரியும்படி போனில் கூப்பிடு. நான் எழுதினேன் என்று மூச்சுவிடாதே. வில்யோவைக் காட்டு, அவனைப் பாடச் சொல், அவர் சிரிக்கும்போது தலையைப் பார். தொப்பி இல்லையென்றால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு, அது போதும். தொப்பி இருந்தால் எழுதிக்கொண்டிருக்காதே, உடனே என்னைக் கூப்பிடு, வாக்காவது மண்ணாவது, நான் செருப்பைக்கூட மாற்றாமல் சி வாசலுக்கு ஓடிவிடுவேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், பையன் நீண்ட ஆயுசோடு வளர வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அங்கே விடியும்போது இங்கே அவர் இன்னும் விழித்துத்தான் இருப்பார், மறந்துவிடாதே.

உன் அம்மா,
டெர்ட்டு