வண்டிக் கூடத்துச் சுவர்

அக்டோபர் 3, வெள்ளி

தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். இறந்துபோன என் அக்கா வெர்னாவுக்கு, தீயணைப்பு வண்டிகள் நிற்கும் கூடத்துச் சுவரில் ஒரு நினைவுப் பலகை வேண்டும் என்றேன். தலைவன் டுவெய்ன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தச் சுவர் தீயணைப்புக்காரங்களுக்கு, லியோனா. உங்கக்கா பேஸ்டி சுடுற குழுதானே? சமையலறையில மாட்டிக்கோங்க."

நிலையத்துக்குப் பணம் திரட்ட இறைச்சியும் கிழங்கும் வைத்த அந்த பேஸ்டி அப்பங்களைச் சுட்டவள்தான்; ஆனால் இருபது குளிர்காலம் தீயணைக்கும் தண்ணீர் லாரியை ஓட்டியவளும் அவள்தான். பேஸ்டியா ஓட்டியது? பலகையை நானே செய்வேன். அந்தச் சுவரில்தான் மாட்டுவேன்.

அக்டோபர் 6

மூன்று அடுக்கு. அடியில் கறுப்பு வால்நட் மரம், நடுவில் மேப்பிள் மரத்தில் வெட்டிய லாரி, மேலே பிர்ச் மரத்தில் அவள் பெயர். கணினியில் வரைந்து முடித்தேன்.

அக்டோபர் 8

சே! வெட்டும் துண்டு கழன்றுவிடாமல் ஓரத்தில் துளி வெட்டாமல் விட வேண்டும். மறந்தேன். லாரிச் சக்கரம் கழன்று, மரம் வெட்டும் ரவுட்டர் மெஷினின் முனையில் சிக்கியது. முனை முறிந்தது, லாரிக்கு மூக்கே இல்லை. டுவெய்னை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே மெஷினை ஓட்டினா வேற என்ன ஆகும்? நாளைக்குத் திட்டாமல் வெட்டணும் — முடியுமா?

அக்டோபர் 9

முடியவில்லை. திட்டிக்கொண்டேதான் வெட்டினேன். ஆனால் ஓரத்தில் பிடிப்புக்குத் துளி வெட்டாமல் விட்டேன். சக்கரம் அசையவில்லை.

அக்டோபர் 12

ஒட்டி, இறுக்கி, காயவைத்து, எண்ணெய் பூசினேன். வால்நட் கறுத்ததும் லாரி முன்னால் எழுந்து வந்தது. எண்ணெய்த் துணியை வைத்துக்கொண்டே அழுதேன்.

அக்டோபர் 14

மாட்டிவிட்டேன். பழைய தலைவர்களின் பலகைகளுக்கு நட்டநடுவில்.

அக்டோபர் 16

சுவரில் இரண்டு திருகாணி மட்டும். பலகை சமையலறையில், காபி மெஷினுக்கு மேலே. யாரிடமும் சண்டை போடவில்லை. பேஸ்டி குழுவின் ஜோலீனுக்குப் போன் செய்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

நாளை பேஸ்டி விற்பனை. பாதி ஊர் சொல்லிவைத்திருக்கிறது. மாவு, இறைச்சி, கிழங்கு எல்லாம் இறக்காமல் எங்கள் கார்களிலேயே. பேஸ்டி குழு மொத்தமும் நானும் கோட்டைக்கூடக் கழற்றாமல் வண்டிக் கூடத்தில் நின்றோம். ஏன் இன்னும் அடுப்பு மூட்டவில்லை என்று டுவெய்ன் கேட்டான்.

"வெர்னா வெளிய வரட்டும். நாங்க உள்ள போறோம்," என்றாள் ஜோலீன்.

விதிமுறை என்று ஏதோ சொன்னான். காதில் வாங்கினோம், நகரவில்லை. கால் மரத்துப்போகும்வரை நின்றோம்.

அக்டோபர் 18

பேஸ்டி எல்லாம் மதியத்துக்குள் தீர்ந்தது. பலகை வண்டிக் கூடத்தில், கொஞ்சம் சாய்ந்து தொங்குகிறது. நேராக்கட்டுமா என்று ஜோலீன் ஏணியை எடுத்தாள். வேண்டாம் என்றேன். டுவெய்ன் கையாலேயே மாட்டியது, அப்படியே இருக்கட்டும்.